இப்னு பதூதாவுக்கு வழிகாட்டியவர்கள்

கொழும்பைப் பற்றி இப்னு பதூதா எழுதியிருப்பது சில வரிகள் மட்டுமே. ஸரன்தீப் தீவின் அழகிய, பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று. அதன் பெயர் கலன்பூ. கடலின் அதிபதியான ஜாலஸ்தி என்ற வஸீர் ஏறத்தாழ 500 அபிஸீனியரோடு அங்கே வாழ்கிறார். இவ்வளவுதான் அவர் சொல்வது. கொழும்பின் பழைமையைப் பேசுவோரும், இந்நாட்டில் முஸ்லிம்களின் தொன்மையைப் பேசுவோரும் இந்த வரிகளைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த வரிகள் ஒரு நெடும் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் வருபவை. கலன்பூவை அடையுமுன் அவர் இந்தத் தீவின் கரையிலும் காட்டிலும் மலையிலும் யாருடன் நடந்தார், யார் கொடுத்த சோற்றை உண்டார் என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அந்தப் பகுதியைப் பற்றியது.

மொரோக்கோவின் தஞ்சா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா 1325இல் ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். டில்லியில் காழியாக இருந்தார். மாலைதீவிலும் காழியாக இருந்தார். மாலைதீவை விட்டு 1344 ஆகஸ்டில் கப்பலேறியபோது அவருக்கு வயது நாற்பது. அவர் போக எண்ணியது சோழமண்டலக் கரைக்கு, அதாவது மஃபருக்கு. மாலுமிக்குக் கடல் சரியாகத் தெரியவில்லை. மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாளாகியது. கடைசியில் வானத்தில் புகைத்தூண் போல ஒரு மலை தெரிந்தது. அதுதான் ஸரன்தீப் மலை, நாம் பாவாத மலை என்று சொல்வது, சைவர்களுக்குச் சிவனொளிபாதம், பௌத்தர்களுக்கு ஸ்ரீபாதம்.

கரையை நெருங்கியதும் கப்பல்காரர்கள் தயங்கினார்கள். வியாபாரிகள் பயமின்றி இறங்கக்கூடிய துறைமுகம் இதுவல்ல, இது ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு, அவன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்றார்கள். ஆனால் காற்று கடுமையாக வீசியது; கப்பல் மூழ்கிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. என்னைக் கரையில் இறக்கிவிடுங்கள், மன்னனிடம் உங்களுக்காக நான் பாதுகாப்புக் கேட்கிறேன் என்றார் இப்னு பதூதா. அவர் இறங்கிய ஊரின் பெயரைப் பத்தாலா என்று எழுதுகிறார். அது எங்கள் புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட சிறிய, அழகிய ஊர். கரையெங்கும் ஆறு அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன. மஃபர், மலபார் நாட்டவர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, பதிலுக்கு மன்னனுக்குப் புடைவை முதலியன கொடுத்தார்கள் என்று அவர் எழுதுகிறார்.

அந்தக் "கொடிய" மன்னன் என்ன செய்தான்? எழுந்து நின்று வரவேற்றான், பக்கத்தில் இருத்தினான், கப்பலிலுள்ளோர் அச்சமின்றி இறங்கலாம் என்றான். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கும். ஆகவே நேரே பேச முடிந்தது. மூன்று நாள் விருந்தோம்பலுக்குப் பின் முத்துகளைக் காட்டி, இப்படிப்பட்டவற்றை வேறெங்கும் கண்டதுண்டா என்று கேட்டான். இவற்றைவிடத் தரம் குறைந்தவற்றையே கண்டேன் என்றார் விருந்தாளி. மகிழ்ந்துபோன மன்னன் அவற்றையே அவருக்குக் கொடுத்து, வேண்டியதைக் கேளும் என்றான். ஆதம் (அலை) அவர்களின் பாதத்தை ஸியாரத் செய்வதைத் தவிர எனக்கு வேறு ஆசையில்லை என்றார் இவர். அது எளிது, வழிகாட்டி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. நீர் திரும்பி வரும்வரை, ஒரு வருடமானாலும் காத்திருப்பேன் என்று கப்பல் தலைவனும் வாக்களித்தான்.

கூடப் போனவர்களின் பட்டியலைக் கவனியுங்கள். பல்லக்கும் அதைச் சுமக்கும் அடிமைகளும், ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கச் செல்லும் 4 யோகிகள், 3 பிராமணர், மன்னனின் ஆட்கள் 10 பேர், உணவுப் பொருள் சுமக்க 15 பேர். மொரோக்கோ நாட்டு மாலிக்கி காழி ஒருவர், யோகிகளும் பிராமணர்களும் முன்னே நடக்க, ஒரு தமிழ் மன்னனின் செலவில், சிங்கள மன்னன் ஒருவனின் நாட்டுக்குள் போகிறார். இந்த ஒரு காட்சியை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

முதலில் தங்கிய ஊரில் எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று ஊரார் விருந்து வைத்தார்கள். அங்கே கண்ட ஒரே முஸ்லிம், நோயினால் பின்தங்கிப்போன ஒரு குராஸானியர். அவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். பிறகு பந்தர் ஸலாவாத் என்ற சிற்றூர். அதைச் சிலாபம் என்பார்கள். அதற்கப்பால் காடும் நீரும் யானைகளும்.

யானைகளைச் சொல்லும்போது ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீபின் கதையை அவர் நினைவுகூருகிறார். பாரசீகத்து ஷிராஸ் நகரைச் சேர்ந்த இந்தப் பெரியார் முப்பது பக்கீர்களோடு மலைக்குப் போனாராம். பசி தாங்காத பக்கீர்கள், ஷெய்கு தடுத்தும் கேளாமல், ஒரு யானைக்குட்டியைப் பிடித்து அறுத்துத் தின்றார்கள். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. தின்னாத ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து இத்தீவார் முஸ்லிம்களை மதிக்கிறார்கள், வீட்டுக்குள் இடம் கொடுக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து உண்கிறார்கள். இந்தியாவில் அப்படியில்லை என்று எழுதுகிறார் இப்னு பதூதா. யானைக் கதையை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். ஆனால் வீட்டுக்குள் இடம் கிடைத்தது என்பது கதையல்ல. அவர் தாமே அனுபவித்து எழுதியது.

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. அடுத்து வரும் குனகார் என்ற தலைநகரை குருநாகல் என்போரும் உண்டு, வேறு ஊர்களைச் சொல்வோரும் உண்டு. அதன் புறத்தே ஷெய்கு உஸ்மான் ஷிராஸி என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. நகரத்து மன்னனும் மக்களும் வந்து சந்தித்து மரியாதை செய்யும் மனிதர் அவர். பாதத்துக்கு வழிகாட்டியாகவும் இருந்தவர். அவர் ஒரு பசுவை அறுத்தார். அந்நாட்டுச் சட்டப்படி அதற்கு மரணமே தண்டனை. அவர்மீது இருந்த மதிப்பினால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் துண்டித்தார்கள். அதே நேரம் ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின் அவருடைய பிள்ளைகளும் ஊழியர்களும் வழிகாட்டிகளானார்கள். தண்டனையும் மரியாதையும் ஒரே மனிதருக்கு ஒரே கையால் கிடைத்திருக்கின்றன. பல மதத்தார் ஒன்றாக வாழ்ந்த பழைய காலத்தைப் பொற்காலம் என்று வர்ணிப்பவர்களும், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பவர்களும் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

குனகாரிலிருந்து மலைப்பாதை. தாடி வைத்த கறுத்த குரங்குகளைக் கண்டார். அவற்றுக்கு ஒரு தலைவன் உண்டு, தலையில் இலைப்பட்டை கட்டிக் கையில் தடி பிடித்திருக்கும் என்பதை ஷெய்கு உஸ்மானும் பிள்ளைகளும் சொல்லக் கேட்டதாகவே எழுதுகிறார். தாம் கண்டதாகச் சொல்லவில்லை. இலை உதிராத ஒரு மரத்தின் கதை வருகிறது. உதிரும் இலையைத் தின்றால் கிழவனும் குமரனாவான் என்று நம்பி அடிவாரத்தில் யோகிகள் காத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, இது பொய் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். கண்டது, கேட்டது, நம்பாதது என்று பிரித்துச் சொல்லும் இப்பழக்கத்தை வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு அவரைக்கொண்டே கற்பிக்கலாம்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் கிராண்ட்பாஸில் குடியிருக்கிறார். பாடசாலை விடுமுறையில் கொழும்புக்குப் போனால் நான் அவர் வீட்டில்தான் தங்குவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை விடுமுறையில் அவரும் நானும் அவருடைய அயலவர் இருவரும், ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், நால்வருமாக இரத்தினபுரி வழியால் மலை ஏறினோம். பலாபத்தலவிலிருந்து காட்டுப்பாதை. ஹற்றன் பக்கத்து வழியைவிட நீளமானது, ஆட்கள் குறைந்தது. அட்டை கடித்தபோது சிங்கள நண்பர் சட்டைப்பையிலிருந்து தேசிக்காய்த் துண்டை எடுத்துத் தேய்த்தார். அட்டை சுருண்டு விழுந்தது. இப்னு பதூதா எழுதிய வைத்தியமும் அதுவே. மரத்திலும் நீரோரப் புல்லிலும் இருந்து பாயும் அட்டையின் மீது எலுமிச்சம் சாறு பிழிவார்கள், விழுந்துவிடும் என்கிறார். பொருட்படுத்தாமல் விட்ட பாபா கூஸீ என்பவர் இரத்தம் போய் இறந்ததையும், ஒரு குகைக்கு அவர் பெயர் வழங்குவதையும் சொல்கிறார். இன்றைய யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. அவர் மாலைதீவை விட்ட திகதியைக் கொண்டு பார்த்தால் ஏறியது அதற்கு முந்திய மழை மாதங்களில். அட்டைகள் அவ்வளவு பெரிய இடத்தை அவர் நூலில் பிடித்திருப்பதில் வியப்பில்லை.

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. ஆதம், ஹவ்வா இருவரையும் குறிக்கும் பெயர்கள். மாமா வழி இலகுவானது. ஆனால் அதனால் ஏறுபவர் ஸியாரத் செய்தவராகக் கணிக்கப்படுவதில்லை. எல்லோரும் பாபா வழியால் ஏறி மாமா வழியால் இறங்குவார்கள். பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பிடித்து ஏறச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தன. மொத்தம் 10 சங்கிலிகள். பத்தாவதின் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாவை மொழிவானாம். எங்கள் காலத்தில் சீமெந்துப் படியும் கைபிடிக் கம்பியும் இருக்கின்றன. ஆயினும் கடைசிச் செங்குத்தில் எங்கள் நால்வரின் வாயிலும் அவரவர் வார்த்தை ஒன்று முணுமுணுப்பாக வந்துகொண்டுதான் இருந்தது.

ஹிழ்ரின் குகையில் எல்லோரும் சுமைகளை விட்டுவிட்டு உச்சிக்குப் போவது வழக்கம். அங்கே மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பார்கள். இப்னு பதூதாவும் அப்படியே செய்தார். பாதத்தின் நீளம் 11 சாண் என்று எழுதுகிறார். முற்காலத்தில் வந்த சீனர் பெருவிரல் பகுதியை வெட்டிக்கொண்டுபோய் ஸைத்தூன் நகரத்துக் கோயிலில் வைத்தார்கள் என்றும், பாறையிலுள்ள 9 குழிகளில் யாத்திரிகர் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவார்கள் என்றும், பக்கீர்கள் அவற்றை எடுக்கப் போட்டி போட்டு ஓடுவார்கள் என்றும் சொல்கிறார். இவர்களுக்குக் கிடைத்தது சில கற்களும் சிறிது பொன்னும். அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பாதம் யாருடையது என்ற வழக்கை இக்கட்டுரை தொடவில்லை. அது யாருடையது என்பதில் ஒருவரோடொருவர் உடன்படாத மனிதர்கள், ஒரே குகையில் மூட்டையை வைத்துவிட்டு ஒரே சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இறங்கும் வழியில் தென்கரையின் தீனாவர், அதாவது தேவிநுவர, தமிழில் தேனவரை. அங்கே பெருங்கோயில், ஆயிரம் அளவில் பிராமணரும் யோகிகளும், 500 நடனப் பெண்கள். அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தார்கள். ஆனால் 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட, சீனக் கடற்தளபதி செங் ஹோவின் கல்வெட்டு ஒன்று 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகளைச் சொல்கின்றன. இப்னு பதூதா வந்துபோய் அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் பொறித்த கல். கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்கள் அதன் முன் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போகலாம்.

தீனாவரிலிருந்து காலி. அங்கே இப்ராஹீம் என்ற நாகுதா விருந்து வைத்தார். பிறகு கலன்பூ. கலன்பூவிலிருந்து மூன்று நாளில் பத்தாலா.

இந்த இடத்தை நான் வாசித்துக் காட்டியபோதுதான் கிராண்ட்பாஸ் நண்பர் கேட்டார்: "மச்சான், அந்த மனிசன் எங்கட ஆத்தைக் கடந்துதானே உங்கட ஊருக்குப் போயிருக்கோணும்?"

நல்ல கேள்வி. தரை வழியால் போனால் களனி கங்கையைக் கடக்காமல் கொழும்பிலிருந்து புத்தளம் போக முடியாது. எந்தத் துறையில் கடந்தார் என்று அவர் எழுதவில்லை. ஆகவே கிராண்ட்பாஸில்தான் கடந்தார் என்று நாம் பெருமை கொண்டாட இடமில்லை. ஆனால் கிராண்ட்பாஸ் என்ற பெயரே துறையைக் குறிப்பது. போர்த்துக்கேயர் அதைப் பெரிய கடவை என்ற பொருளில் கிராந்தே பாஸோ என்றார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அந்தப் பெயரையே தங்கள் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். 1822இல் அங்கே தோணிகளை வரிசையாகப் பிணைத்துப் பலகை போட்ட மிதவைப் பாலம் வந்தது. 1895இல் விக்டோரியாப் பாலம் வந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் ஆற்றைக் கடந்தவர் ஒவ்வொருவரும் ஒரு தோணிக்காரனை நம்பித்தான் காலெடுத்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. களனி கங்கையை உண்டாக்கும் ஓடைகளில் ஒன்றான மஸ்கெலிய ஓயா பாவாத மலைப் பக்கத்தில் பிறக்கிறது. மலையேறும் பௌத்தரும் சைவரும் குளிக்கும் சீத கங்குலத் தண்ணீரும் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. நாகலகம் வீதியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் இடம் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் வானொலியில் அந்த வீதியின் பெயரைக் கேட்டதும் கிராண்ட்பாஸ்வாசிகள் சாமான்களை உயரத்தில் தூக்கி வைக்கத் தொடங்குவார்கள். மலையில் பெய்த மழை எந்த மதத்து வீட்டுக்குள் புகுவது என்று பார்ப்பதில்லை.

இந்தப் பயணக் கதையில் எனக்குள்ள அக்கறை பழம்பெருமை சார்ந்தது மட்டுமல்ல. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி ஒரு முஸ்லிம் பயணியைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பியது 1344இல். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். 70,000இற்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பெருந்தொகையானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம், அந்தப் பழைய பத்தாலா. நான் அப்போது சிறுவன். எங்கள் பாடசாலைக் கட்டடம் நிறைந்து, முற்றத்தில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஊரார் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். நாள் செல்லச் செல்ல, கிணற்றடியில், கூலி வேலையில், பாடசாலை அனுமதியில் முணுமுணுப்பும் எழுந்தது. மூன்று நாள் விருந்து எளிது. முப்பது வருட அயல் கடினம். கிராண்ட்பாஸிலும் 2013 ஆகஸ்டில் ஒரு பள்ளிவாசல் தாக்கப்பட்டது. என்னோடு மலையேறிய அந்தச் சிங்கள நண்பர் அன்றிரவு என் நண்பரின் வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

இப்னு பதூதாவின் நூலில் இத்தீவின் மக்கள் பெரும்பாலும் காபிர்கள் என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகிறார்கள். அது அவர் காலத்து எழுத்து வழக்கு. அதே நூலில், அதே பக்கங்களில், அவருக்கு நெய்ச்சோறு கொடுத்தவர்களும் வழிகாட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. சொல் ஒன்றாகவும் அனுபவம் இன்னொன்றாகவும் இருக்கும்போது, நேர்மையான பயணி இரண்டையும் எழுதி வைக்கிறான். கப்பல்காரர்கள் கேள்விப்பட்ட ஆரியச் சக்கரவர்த்தி வேறு. அவர் கரையிறங்கிக் கண்ட ஆரியச் சக்கரவர்த்தி வேறு. இரண்டும் நம் கைக்கு வந்திருப்பது அவர் இரண்டையும் மறைக்காமல் சொன்னதால்தான். பிரயாணத்தின் பயன் அதுவே என்று நினைக்கிறேன். ஓர் இனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பவர்கள், அந்தக் கப்பலிலிருந்து இறங்காமலே இருந்துவிட்டவர்களுக்கு ஒப்பானவர்கள்.

பத்தாலாவுக்குத் திரும்பியபோது கப்பல் தலைவன் சொன்னபடி காத்திருந்தான். மஃபருக்குப் புறப்பட்டார்கள். கரையை நெருங்கும்போது புயல், கப்பல் தரைதட்டியது, பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டி, தம்மோடு வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, நீந்தத் தெரியாத இப்னு பதூதா உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். விடிந்ததும் முன்பின் தெரியாத சிலர் தோணியில் வந்து அவரைக் கரைசேர்த்தார்கள். அவர்களையும் அவர் காபிர்கள் என்றே எழுதுகிறார். அவர்கள் பெயர் நூலில் இல்லை. அவர்கள் வராதிருந்தால் அந்த நூலும் இல்லை.